விமானப் பணியாளரின் மார்பில் கேமரா: பதிவு யார் கையில் இருக்க வேண்டும்?

ரோஸ்ஹில் வாசகன்:

அன்பர்களுக்கு வணக்கம். பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் பலவற்றில் பயணச்சீட்டுப் பரிசோதகர்கள் சட்டையில் கேமரா மாட்டிக்கொண்டு வேலை செய்வது பழகிப்போன காட்சியாகிவிட்டது. அதே ஏற்பாட்டை விமானத்துக்குள்ளும் கொண்டுவரலாமா, பணிப்பெண்களும் பணியாளர்களும் உடல் கேமரா அணிந்தால் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்கள் அடங்குவார்களா என்ற பேச்சு அங்கங்கே எழுகிறது. பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி, 2021-இல் 835 விமானங்களுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த ஒழுங்கீனச் சம்பவங்கள் 2022-இல் 568-க்கு ஒன்று, 2023-இல் 480-க்கு ஒன்று என்று நெருங்கி வந்திருக்கின்றன. அமெரிக்காவில் முகக்கவசச் சண்டை உச்சத்தில் இருந்த 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 6,000 புகார்கள் அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போயின.

கேமராவே கூடாது என்று வாதாட நான் இந்த இழையைத் தொடங்கவில்லை. எடுத்த பதிவு எங்கே போகிறது, யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும், அதில் அகப்பட்ட பயணி கேட்டால் கிடைக்குமா என்பவைதான் என் கேள்விகள்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 2013-இல் புதிய தேசிய அடையாள அட்டைக்காக விரல்ரேகை எடுக்கத் தொடங்கினார்கள், வழக்கு நடந்தது. 2015-இல் நம் உச்ச நீதிமன்றம், ரேகையை எடுப்பது செல்லும், ஆனால் அதை மையத் தரவுத்தளத்தில் போட்டு வைத்திருப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று பிரித்துச் சொன்னது. 2016-இல் நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் எடுப்பது செல்லும் என்பதை உறுதி செய்தது. பிறகு 2021-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அட்டைக்குள் இருக்கும் ரேகைக்கே போதிய பாதுகாப்பு இருப்பதாகக் காட்டப்படவில்லை என்று நம் அரசுக்கு எதிராகக் கருத்துரைத்தது. எட்டு ஆண்டு நீண்ட அந்தத் தகராறு முழுவதும் எடுப்பதைவிட வைத்திருப்பதைப் பற்றியே சுழன்றது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைடெட் 3411 விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்துச் சென்றார்கள். நிறுவனத் தலைவர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் அந்தப் பயணியையே குறை சொன்னது. சக பயணிகளின் கைப்பேசிப் பதிவுகள் உலகெங்கும் பரவிய பிறகே முழு மன்னிப்பு வந்தது. அன்று பதிவு பயணிகளின் கையில் இருந்தது. நாளைக்கு ஒரே பதிவு நிறுவனத்தின் பெட்டியில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்?


பழைய பறவை:

பல ஆண்டுகள் கேபினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கேமரா கூடாது என்று ஐயா தொடங்காததே எனக்கு ஆறுதல்.

நம் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு உணவு முடிந்து, வண்டிகளை உள்ளே தள்ளி, பூட்டைத் திருப்பி, திரையை இழுத்துவிட்ட பிறகு பின்பக்க அடுக்களையில் ஒருவரோ இருவரோதான் நிற்போம். அப்படி ஓர் இரவில், மது கொடுப்பதை நிறுத்திவிட்ட கோபத்தோடு ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து வழியை மறித்து நின்றார். எனக்கு ஒரு பக்கம் விமானத்தின் கதவு, மறுபக்கம் வண்டி அடுக்கு. அவர் என்ன சொன்னார், கையை எங்கே வைத்தார் என்பதை நான் அறிக்கையில் எழுதினேன். விமானம் குலுங்கியதால் பிடிமானத்துக்காகக் கை நீட்டினேன் என்று அவர் எழுதிக்கொடுத்தார். விசாரித்தவர்கள் இரண்டு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, சாட்சி இல்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

தரையில் ஒருவர் அத்துமீறினால் நாம் வெளியே போகலாம், காவலரைக் கூப்பிடலாம். மேலே அது நடக்காது. முதலில் வாய்மொழி எச்சரிக்கை, பிறகு கேப்டனின் பெயரில் எழுத்து எச்சரிக்கை, அதற்கும் அடங்காவிட்டால் கையைக் கட்டும் பட்டை, இறங்கிய இடத்தில் போலீஸ். போலீஸ் வந்து கேட்கும் முதல் கேள்வி, யார் பார்த்தார்கள் என்பதுதான். பார்த்தவர்கள் இணைப்பு விமானத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டில்லிக்குப் போன ஏர் இந்தியா விமானத்தில் மூதாட்டி ஒருவர் மேல் சக பயணி சிறுநீர் கழித்ததாக எழுந்த புகாரை எல்லாரும் படித்திருப்பீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். கேபினில் பதிவு எதுவும் இல்லை. கடைசியில் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம், கேப்டனின் உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. பணியாளர்கள் அந்த அம்மையாரை எப்படி நடத்தினார்கள் என்பது அங்கே பெரிய கேள்வி. ஒரு பதிவு இருந்திருந்தால் அந்த அம்மையாருக்கும் பயன்பட்டிருக்கும், பணியாளர்களில் ஒழுங்காக நடந்தவர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

பயணியின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசும்போது எங்களுடையதையும் கொஞ்சம் பேசுங்கள். குனிந்து பை எடுக்கும்போது பின்னாலிருந்து படம் பிடிப்பவர்கள் எங்களுக்குப் பழைய தொல்லை. ஜப்பானில் விமானப் பணியாளர்களின் சங்கங்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, மறைவாகப் பாலியல் நோக்கில் படமெடுப்பதைத் தண்டிக்கும் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூனில் அங்குள்ள விமான நிறுவனங்களான ஏ.என்.ஏ.வும் ஜப்பான் ஏர்லைன்ஸும் சேர்ந்து, வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிரான பொதுக் கொள்கையை வெளியிட்டன. பயணிகள் அத்தனை பேர் கையிலும் கேமரா இருக்கிறது. எங்கள் மார்பில் ஒன்று வந்தால் மட்டும்தான் அந்தரங்கம் நினைவுக்கு வருகிறது.


எபேன் கணினிக்காரன்:

அக்கா, உங்களுக்கு நடந்ததைப் படித்தபோது கோபமாக இருந்தது. ஆனால் மார்பில் மாட்டிய கேமரா அந்த இரவில் எதைப் பார்த்திருக்கும் என்று தொழில்நுட்பக் கண்ணோடு யோசித்தால் எனக்குத் திருப்தி வரவில்லை. ஒரு கை தூரத்துக்குள் வந்து நிற்பவனின் சட்டைப் பொத்தானைத்தான் அது காட்டும். இடுப்பருகே போன கை சட்டகத்துக்குக் கீழே தப்பிவிடும். விளக்கணைத்த கேபினில் படம் புள்ளி புள்ளியாக இருக்கும், இயந்திர இரைச்சலில் தாழ்ந்த குரல் மூழ்கிப்போகும். மிரட்டும் குரலும், "தள்ளி நில்லுங்கள்" என்று நீங்கள் சொல்வதும் ஓரளவு கேட்கலாம். அதுவும் ஒரு சாட்சிதான், மறுக்கவில்லை. கேமரா வந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன்.

இப்போது அதே கேமரா சாதாரண நேரத்தில் எதைப் பார்க்கும் என்று பாருங்கள். பணியாளர் நடைபாதையில் நிற்கிறார், பயணி உட்கார்ந்திருக்கிறார். லென்ஸின் உயரமும் பயணியின் முகத்தின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. அகலக் கோணம் என்பதால் ஒரு வரிசை முழுவதும், சில சமயம் இரண்டு வரிசைகள், சட்டகத்துக்குள் வந்துவிடும். முகம், மடி, மடியில் திறந்திருக்கும் கைப்பேசித் திரை, முன்தட்டில் இருக்கும் மருந்து மாத்திரைகள், பக்கத்து இருக்கைக்காரர் தட்டச்சு செய்யும் மின்னஞ்சல் எல்லாம். கட்டடத்தின் கூரையில் மாட்டிய கேமரா தலைகளைத்தான் பார்க்கும், இது மடியைப் பார்க்கும்.

அடுத்தது, பொத்தானை அழுத்தும்போதுதான் பதிவாகும் என்று சொல்வார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கருவிகள் பல, அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் நினைவகத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கும். அழுத்தினால் அந்த முன்பகுதியும் சேர்ந்து நிலைக்கும். அதாவது கேமரா எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரப் போக்குவரத்து நிறுவனம் பரிசோதகர்களுக்குக் கொடுத்த கேமரா இப்படித்தான் அழுத்துவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பிடித்து வைத்தது. 2021-இல் ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 1.6 கோடி குரோனர் அபராதம் விதித்தது. அச்சுறுத்தலைப் பதிவு செய்ய அதிகபட்சம் 15 நொடி போதும் என்றது. பயணிகளுக்குச் சரியாகத் தெரிவிக்காததற்கும் அபராதத்தில் ஒரு பங்கு போட்டது. சாதாரண ரயில் பயணம் செய்பவனையெல்லாம் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகப் படம்பிடித்துத் திரிந்ததுதான் அங்கே குற்றம்.

2019-இல் சில விமான நிறுவனங்களின் இருக்கைகளில் படம் பார்க்கும் திரைகளுக்குள் கேமரா இருப்பதைப் பயணிகள் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அமெரிக்கன், யுனைடெட் ஆகியவை, இருக்கிறது ஆனால் இயக்கப்படவில்லை என்று சொன்னார்கள். யுனைடெட் அவற்றை ஒட்டுத்தாளால் மூடியது. எவரும் படமெடுக்கவில்லை என்பதே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் மக்கள் கலங்கினார்கள், ஏனென்றால் இயங்குகிறதா இல்லையா என்பதை உட்கார்ந்திருப்பவரால் தெரிந்துகொள்ள முடியவில்லை.


கத்ர்போர்ன் அம்மா:

நான் சட்டம் படித்தவள் அல்ல. பிரான்சில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்வருபவள். சாப்பாட்டுத் தட்டு வருவதற்குச் சற்று முன் சேலையை ஒதுக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறேன். கழிப்பறை வரிசை நீளமாக இருந்தால் இருக்கையிலேயே போட்டுக்கொள்வது வழக்கம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பணிப்பெண் வந்தால் அவளும் ஒரு நொடி நின்று திரும்பிப் போவாள். கேமரா திரும்பிப் போகுமா?

தைப்பூசக் காவடியில் நாக்கிலும் முதுகிலும் அலகு குத்தியவர்களைச் சுற்றுலாப் பயணிகள் விரட்டி விரட்டிப் படமெடுக்கிறார்கள். அங்கே நாம் தெருவில் இறங்கி, எல்லாரும் பார்க்க நடக்கிறோம். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகரலாம். விமானத்தில் நகர இடமில்லை.

ஆனாலும் அந்தப் பெண் எழுதியதைப் படித்த பிறகு கேமரா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள்.


மயேபூர் மாமா:

இவ்வளவு யோசனை எதற்கு? ஒழுங்காக உட்கார்ந்திருப்பவனுக்குக் கேமராவால் என்ன நஷ்டம்? கேமராவைக் கண்டால் குடிகாரனும் அடங்குவான்.


எபேன் கணினிக்காரன்:

மாமா, அடங்குவானா என்பதே உறுதியில்லை. உடல் கேமராவைப் பற்றி அதிகம் ஆராய்ந்தது போலீஸ் துறையில்தான். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரத்தில் 2012-13-இல் நடந்த சோதனையில் போலீஸ்காரர்கள் மீதான புகார்கள் வெகுவாகக் குறைந்தன. அதை வைத்துத்தான் உலகம் முழுவதும் கேமரா விற்றார்கள். பிறகு வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தன்னிலை இழந்து குடித்திருப்பவன் எதிரில் இருப்பவரின் சட்டையில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து நடந்துகொள்வான் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. கேமரா தடுப்பதற்குப் பயன்படும் என்பதைவிட, நடந்த பிறகு நிரூபிக்கப் பயன்படும் என்பதே நியாயமான வாதம். நிரூபிக்கத்தான் என்றால், நிரூபிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அது இயங்கினால் போதும்.


மோக்கா வழக்குரைஞர்:

இழையில் சட்டத்தைப் பற்றி நேராக யாரும் எழுதாததால் சிறிது நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

விமானத்தில் நடக்கும் குற்றங்களுக்கு அடிப்படை 1963-ஆம் ஆண்டின் டோக்கியோ ஒப்பந்தம். விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்கே முதல் அதிகாரம். 3பி என்ற நம் நாட்டுக் குறியோடு தொடங்கும் பதிவெண் கொண்ட விமானம் இந்தியப் பெருங்கடலின் மேல் எங்கே பறந்தாலும், அதற்குள் நடப்பது பெரும்பாலும் நம் சட்டத்தின் கையில். இறங்கிய நாடு வழக்குத் தொடர முடியாமல் கலாட்டா செய்தவர்கள் தப்பிக்கிறார்கள் என்ற குறையைத் தீர்க்க 2014-இல் மொன்றியலில் ஒரு திருத்த நெறிமுறை செய்தார்கள். அது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கிடையே இறங்கும் நாட்டுக்கும் நிறுவனத்தின் நாட்டுக்கும் அதிகாரம் விரிந்திருக்கிறது. பணியாளர்களுக்குத் துணை நிற்க உலகம் ஏற்கெனவே எடுத்த நடவடிக்கை இது. கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வழக்கே நடக்காத இடத்தில் சாட்சியம் இருந்து பயனில்லை.

தரவு என்று வந்தால் நமக்கு 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகளைப் பெரிதும் ஒட்டி எழுதப்பட்டது. "பயணச்சீட்டு வாங்கியபோதே சம்மதம் தந்துவிட்டீர்கள்" என்று நிறுவனங்கள் சொல்ல ஆசைப்படும். அந்தச் சம்மதம் நிற்பது கடினம். சம்மதம் என்றால் தாராளமாகத் தரப்பட்டிருக்க வேண்டும், பிறகு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். முப்பதாயிரம் அடி உயரத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு எங்கே போவது? எனவே நிறுவனம், ஊழியர் பாதுகாப்பு என்ற நியாயமான தேவையைக் காட்டித்தான் வர வேண்டும். அப்படி வந்தால், தேவைக்கு மிஞ்சிப் படமெடுக்கவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் விழும். தம்பி சொன்ன 15 நொடிக்கும் ஒரு நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வேலை செய்கிறது. கத்ர்போர்ன் அம்மாவின் ஊசி உடல்நலத் தரவு. அதற்கு நம் சட்டத்தில் கூடுதல் காப்பு உண்டு.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. அங்குள்ளவர்களுக்குச் சீட்டு விற்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் ஐரோப்பிய விதி எட்டும். பிளெசான்ஸுக்கும் செயின்ட் டெனிஸுக்கும் இடையே முக்கால் மணி நேரம்தான் பறக்கிறோம், அதற்குள் இரண்டு நாட்டுச் சட்டமும் நம்மோடு ஏறி இறங்குகிறது.


ரெயூனியன் பேரன்:

வழக்குரைஞர் ஐயா எங்கள் தீவை இழுத்ததால் நானும் எழுதுகிறேன். பிரான்சில் ரயில், மெட்ரோ பாதுகாப்புப் பணியாளர்களுக்கு உடல் கேமராவை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசோதனையாக அனுமதித்தது. அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகள் விமானத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். சம்பவம் நடந்தாலோ நடக்கும் அறிகுறி இருந்தாலோதான் இயக்கலாம். கேமரா கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். பதிவாகிறது என்பதைக் காட்டும் தனி விளக்கு எரிய வேண்டும். சூழ்நிலை இடம் கொடுத்தால் "பதிவு செய்கிறேன்" என்று எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. பரிசோதனை என்று தொடங்கியது பரிசோதனையாக முடிவதில்லை. காலம் நீட்டப்பட்டது, பாதுகாப்புப் பணியாளர்களிடமிருந்து பயணச்சீட்டுப் பரிசோதகர்களுக்குப் போனது, 2025 ஏப்ரலில் வந்த போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் அதை இன்னும் விரித்தது. கதவு ஒருமுறை திறந்தால் யார் யார் உள்ளே வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் சம்மதிக்க வேண்டும்.


பழைய பறவை:

தம்பி கணினிக்காரன் எழுதியதைப் படித்தேன். கேமரா சட்டைப் பொத்தானைத்தான் காட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் திரைக்கு உள்ளே வந்ததையும், நான் இரண்டு முறை வெளியே போகச் சொன்னதையும் காட்டியிருக்கும். எனக்கு அது போதும்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. ஒழுங்கீனப் பயணிக்காகக் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு மேலாளர் என்னைப் பார்க்கத் தொடங்கினால்? சிரிக்காமல் தட்டு கொடுத்தாள், மூன்றாம் வரிசைக்குத் தண்ணீர் தர எவ்வளவு நேரம் எடுத்தாள், சக ஊழியரிடம் சம்பளத்தைப் பற்றிக் குறைப்பட்டாள் என்று கோப்பு சேர்த்தால்? பணியாளர் சங்கங்கள் பயணியின் அந்தரங்கத்துக்காகப் பேசுகிறார்களோ இல்லையோ, இதற்காகக் கட்டாயம் பேசுவார்கள்.

விமானிகள் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே போராடித் தீர்த்துக்கொண்டார்கள். விமானி அறைக் குரல் பதிவுக்கருவி விபத்து விசாரணைக்கு மட்டும்தான் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் காக்கப்படுகிறது. பல விமானங்களில், தரையில் நின்று, விமானம் நகராமல் பிடிக்கும் பிரேக்கைப் போட்ட பிறகு அந்தப் பதிவை அழிக்கும் பொத்தானே இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000-இல் விமானி அறைக்குள் படம்பிடிக்கும் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. விமானிகள் சங்கம் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. கதவுக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்க்க ஒரு கேமரா 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்தது, கதவுக்குப் பின்னால் வரவில்லை. விமானிக்குக் கிடைத்த காப்பு பணிப்பெண்ணுக்கும் கிடைத்தால் கேமராவை நானே முதலில் மாட்டிக்கொள்வேன்.


ரோஸ்ஹில் வாசகன்:

அம்மணி இறுதியில் சொன்னதுதான் நான் தேடிக்கொண்டிருந்த மாதிரி. குரல் பதிவுக்கருவியை நிறுவனம் விமானத்தில் சுமந்து செல்கிறது, ஆனால் நிறுவனம் நினைத்தபோது எடுத்துக் கேட்க முடியாது. உடல் கேமராவுக்கும் அதே நிலை வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதிவு செய்தது வெளியே கசியாது என்று நம்பும் நிலையில் இந்தத் தீவில் யாரும் இல்லை. 2024 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், "மிஸ்யே முஸ்தாஸ்" என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட, அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், காவல் அதிகாரிகள் ஆகியோரின் தொலைபேசிப் பேச்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதைத் தடுக்க நவம்பர் 1 அன்று சமூக வலைத்தளங்களையே நிறுத்தி, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திறந்துவிட்டார்கள். பிரதமர் மட்டத்துப் பேச்சையே பூட்டி வைக்க முடியாத ஊரில், ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடக்கும் கத்ர்போர்ன் அம்மாவின் காணொளியை யார் காப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவு. பதிவைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சேவைப் பிரிவிடமோ மனிதவளப் பிரிவிடமோ இருக்கக் கூடாது. சம்பவ அறிக்கை எழுதப்பட்டால் மட்டும், பாதுகாப்புப் பிரிவும் பணியாளர் சங்கப் பிரதிநிதியும் சேர்ந்து திறக்க வேண்டும். அறிக்கை இல்லாத பதிவு தானே அழிய வேண்டும். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளோடு அதை இணைக்கவே கூடாது; போர்ட் லூயியின் தெருக்களில் காவல்துறையின் "பாதுகாப்பான நகரம்" திட்டத்தின் கேமராக்களைப் பார்த்துப் பழகிவிட்டோம், அந்தப் பழக்கம் விமானத்துக்குள் ஏறிவிடக் கூடாது. யார் மேல் அறிக்கை எழுதப்பட்டதோ அந்தப் பயணிக்கும் அதே பதிவைப் பார்க்கும் உரிமை வேண்டும். நிறுவனம் தனக்குச் சாதகமான பதிவைத் தேடி எடுத்துக்கொண்டு, பாதகமானதைத் தானே அழிந்துவிட்டது என்று சொல்ல இடம் தரக் கூடாது.

கூடவே, யாருக்காவது உடல்நலம் குன்றிக் கீழே படுக்க வைத்துச் சட்டையைத் திறந்து முதலுதவி செய்யும்போது கேமரா அணைந்திருக்க வேண்டும்.


பழைய பறவை:

கடைசி வரியை ஏற்க மாட்டேன். முதலுதவி செய்தபோது விலா எலும்பு முறிந்துவிட்டது, நகையைக் காணோம், தாமதமாக வந்தார்கள் என்று பிறகு புகார் எழுவதும் அதே நேரத்தைப் பற்றித்தான். ஓர் ஆளின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும் கையால் கேமராவின் பொத்தானைத் தேடச் சொல்வீர்களா? அது தானே இயங்கினால் இயங்கட்டும். பிறகு அதைப் பார்ப்பவர் மருத்துவராக இருக்கட்டும்.


கத்ர்போர்ன் அம்மா:

நான் கீழே விழுந்து கிடக்கும்போது யாரோ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், கேமரா ஓடினால் ஓடட்டும் என்றுதான் சொல்வேன். எழுந்த பிறகு அதைப் பார்க்கவோ அழிக்கச் சொல்லவோ எனக்கு வழி வேண்டும். அதற்கு யாரிடம் போவது? வழக்குரைஞர் தம்பி, இதைப் புரியும்படி எழுதுங்கள்.


மோக்கா வழக்குரைஞர்:

எழுதுகிறேன் அம்மா. நம் சட்டப்படி, உங்களைப் பற்றிய தரவு எவரிடம் இருக்கிறதோ அவரிடமே எழுத்தில் கேட்கலாம்; தராமல் இழுத்தடித்தால் எபேனில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பதிவு கசிந்துவிட்டால், அதை அறிந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. அந்தப் பதிவில் பக்கத்து இருக்கைக்காரர்களின் முகமும் இருக்கும் என்பதால், அவர்கள் முகத்தை மங்கலாக்கித்தான் தருவார்கள். முகத்தை மங்கலாக்கும் செலவைக் காட்டி நிறுவனங்கள் மறுக்கப் பார்க்கும். அந்தச் செலவைக் கேமரா வாங்கும் நாளிலேயே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். இத்தகைய புதிய கண்காணிப்பைத் தொடங்குமுன் அதனால் வரும் ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதி வைக்கச் சட்டம் சொல்கிறது. கேமராவோடு வரும் எந்த நிறுவனத்திடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆவணத்தைத்தான்.

கடிதத்தில் விமான எண், தேதி, இருக்கை எண், ஏறக்குறைய எந்த நேரம், எந்தப் பகுதியில் நடந்தது, பணியாளர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை எழுதுங்கள். "அழிக்காமல் நிறுத்திவைக்கவும்" என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். பார்க்கக் கேட்பதற்கு முன் அதுதான் முக்கியம், ஏனென்றால் பதிவு தானே அழியும் ஏற்பாடு இருந்தால் உங்கள் கடிதம் மேசைகளைச் சுற்றிவருவதற்குள் நாள் கடந்துவிடும். இறங்கிய அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள், பிறகு பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி. பயணச்சீட்டின் பிரதியையும் விமானத்தில் ஏறும் அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.